ப்ரூவரியில் பங்கு வாங்கச் சொல்கிறார்களா? கையெழுத்துக்கு முன் கணக்குப் பார்ப்பது எப்படி

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், போர்ட்லாண்ட், ஹில்ஸ்பரோ பக்கம் பத்து வருடம் இருந்துவிட்டால் இது எப்படியும் ஒருநாள் நடக்கும். ஆபீசில் பக்கத்து சீட்டில் இருந்தவனோ, பிள்ளைகளின் சாக்கர் மைதானத்தில் பழக்கமானவனோ, கராஜில் ஐந்து காலன் பாத்திரத்தில் பீர் காய்ச்சிக் காய்ச்சிக் கை தேர்ந்து, வேலையை விட்டுவிட்டு சொந்தமாகக் கிராஃப்ட் ப்ரூவரி, அதாவது சின்ன பீர் ஆலை, ஆரம்பிப்பான். இரண்டு மூன்று வருடம் கழித்து, "கொஞ்சம் பணம் போடுறியா, பங்கு தர்றேன்" என்பான். நம் ஊரில் காய்ச்சுகிறான் என்றாலே போலீஸ் ஜீப்தான் நினைவுக்கு வரும், இங்கே அதற்கு வங்கியே கடன் கொடுக்கிறது.

என்னிடமும் ஒருவன் கேட்டான். 2021-இல் 15,000 டாலர் கொடுத்தேன். 2023 கடைசியில் கடையைச் சாத்திவிட்டார்கள். திரும்பி வந்தது, சின்னம் அச்சிட்ட கண்ணாடி டம்ளர் இரண்டு டஜன்.

பீர் நன்றாகவே இருந்தது, அதுதான் சங்கடம். ருசி பார்த்து, வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்தைப் பார்த்து, "இவ்வளவு பேர் வர்றாங்களே" என்று மயங்கி காசோலை எழுதினேன். மூடிய பிறகு ஒரு சனிக்கிழமை முழுக்க அவனோடு உட்கார்ந்து பழைய கணக்குகளைப் புரட்டியபோதுதான் முன்கூட்டியே எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று புரிந்தது. நான் எழுதுவது ஒரேகான் கணக்கு. வேறு மாநிலம் என்றால் சட்டமும் வரியும் மாறும், பார்க்கும் முறை பெரிதாக மாறாது.

முதலில் சந்தை நிலவரம், சுருக்கமாக. போர்ட்லாண்டில் 1984-இல் தொடங்கிய பிரிட்ஜ்போர்ட் 2019-இல் மூடியது. சான் பிரான்சிஸ்கோவில் 1896-இலிருந்து பேர் சொல்லிவந்த ஆங்கர், 2023 ஜூலையில் மூடுவதாக அறிவித்தது. நாடு முழுக்க 2024-இல் புதிதாகத் திறந்த கிராஃப்ட் ப்ரூவரிகளைவிட மூடியவை அதிகம். குடிக்கிறவர்களே குறைகிறார்கள்: 2025 காலப் கருத்துக்கணிப்பில், மது அருந்துவதாகச் சொன்ன பெரியவர்கள் 54 சதவீதம்தான், காலப் நிறுவனம் இந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்ததிலிருந்து இதுதான் மிகக் குறைவு. அதனால் "மார்க்கெட் வளருது" என்று உங்கள் நண்பர் ஆரம்பித்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். செவ்வாய்க்கிழமை போங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம், பிறந்தநாள் விழா நடக்கும் நாள் வேண்டவே வேண்டாம். நவம்பரில் மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை ஒரு மூலையில் உட்கார்ந்து, எத்தனை டம்ளர் போகிறது என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். நண்பருக்குச் சொல்லவேண்டாம். அப்புறம் அதே கணக்கை ஒரு வெள்ளிக்கிழமையும் எடுங்கள். இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால்தான் அடுத்து வரும் கணக்குக்கு உயிர் வரும்.

ஒரு கெக்கை, அதாவது பீர் நிரப்பும் உலோகப் பீப்பாயை, எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கெக் என்பது அரை பாரல், 15.5 காலன், ஏறக்குறைய 58.7 லிட்டர். 16 அவுன்ஸ் டம்ளரில் ஊற்றினால் காகிதத்தில் 124 டம்ளர் வரும். நுரையில் போவது, குழாய் கழுவும்போது போவது, "கொஞ்சம் டேஸ்ட் பாக்கலாமா" என்று கேட்பவருக்குப் போவது எல்லாம் கழித்தால் 110 என்று வையுங்கள். டேப்ரூமில், அதாவது ப்ரூவரியோடு ஒட்டிய சொந்தக் கடையில், டம்ளர் 7 டாலர் என்றால் அந்தக் கெக் 770 டாலர். அதே கெக்கை மொத்த வியாபாரியான டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொடுத்தால், என் நண்பனுடைய பில்லில் இருந்த விலை 130 டாலர். டிஸ்ட்ரிபியூட்டர் தன் பங்கை ஏற்றி பாருக்கு விற்பார், பார் தன் பங்கை ஏற்றி உங்களுக்கு ஊற்றும். பாரில் நீங்கள் கொடுப்பதும் அதே 7 டாலர்தான், காய்ச்சியவனுக்குப் போவதோ ஒரு டாலரும் கொஞ்சம் சில்லறையும்.

இப்போது செலவு. அந்த அரை பாரலுக்கு மால்ட் (முளைகட்டிய தானியம்), ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ), ஈஸ்ட், கழுவும் ரசாயனம், கேஸ், வரி எல்லாம் சேர்த்து 65 டாலர் என்று அவன் தாளில் இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் வழியில் மிஞ்சுவது 65. டேப்ரூம் வழியில் கார்டு கம்பெனி பிடிப்பது போக 680 மிஞ்சும். ஆனால் கெக் விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் பிறந்தால் வந்து நிற்கும் செலவுகள் தனி: வாடகை, கடன் தவணை, சம்பளம், மின்சாரம், தண்ணீர், இன்சூரன்ஸ். எங்கள் கதையில் அது மாதம் 34,000 டாலர். வகுத்துப் பாருங்கள். டேப்ரூமில் மட்டும் விற்றால் மாதம் 50 கெக் போதும், கைக்கும் வாய்க்கும் சரியாகிவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் வழியில் மட்டும் என்றால் 523 கெக். அவனிடம் இருந்தது ஏழு பாரல் காய்ச்சும் கொப்பரை, ஒரு தடவைக்கு 14 கெக். துளி சிந்தாமல் காய்ச்சினாலும் மாதத்துக்கு 37 தடவை. மாதத்தில் அத்தனை நாளே கிடையாது!

நடைமுறையில் யாரும் ஒரே வழியில் விற்பதில்லை, இரண்டும் கலந்துதான் இருக்கும். அதனால்தான் முதல் கேள்வியாக இதைக் கேட்கச் சொல்கிறேன்: "போன வருடம் மொத்தம் எத்தனை பாரல், அதில் சொந்தக் கடையில் எத்தனை, வெளியே எத்தனை?" மொத்தப் பாரல் எண்ணைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். என் நண்பன் 900 பாரல் என்றான், எனக்கும் பெரிதாகத்தான் தெரிந்தது. அதில் எழுபது சதவீதம் வெளியே போனது என்பதை நான் கேட்கவில்லை, அவன் சொல்லவுமில்லை. உங்கள் செவ்வாய்க்கிழமைக் கணக்கை இங்கே கொண்டுவாருங்கள். 50 கெக் என்றால் மாதம் 5,500 டம்ளர், ஒரு நாளைக்கு 183. செவ்வாய்க்கிழமை மூன்று மணி நேரத்தில் நீங்கள் எண்ணியது 22 என்றால், வெள்ளியும் சனியும் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வரியைப் பற்றி இரண்டு வரி போதும். ஆண்டுக்கு 20 லட்சம் பாரலுக்குக் கீழே காய்ச்சும் ப்ரூவரிக்கு, முதல் 60,000 பாரல் வரை பாரலுக்கு மூன்றரை டாலர் மத்திய எக்சைஸ், ஒரேகானுக்கு இரண்டு டாலர் அறுபது சென்ட். ஒரு டம்ளருக்கு இரண்டரை சென்ட் வருகிறது. "வரிதான் எங்களைக் கொல்லுது" என்று இந்த ஊர் ப்ரூவரிக்காரர் சொன்னால் அவர் கணக்குப் பார்க்கவில்லை, அல்லது வேறு வரியைச் சொல்கிறார். அந்த வேறு வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

இரண்டாவது வேலை, குளிர் அறைக்குள் போவது. "உள்ளே சுத்திக் காட்டேன்" என்றால் எல்லோரும் சந்தோஷமாகப் பளபளக்கும் டேங்குகளைக் காட்டுவார்கள். டேங்குக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, அப்புறம் குளிர் அறைக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள், ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள். அடுக்கிவைத்த கெக்குகளின் தலையில் ஒட்டியிருக்கும் டேப்பில் பீரின் பெயரும் நிரப்பிய தேதியும் எழுதியிருக்கும். ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ வகை பீர் என்றால் மூன்று மாதம் தாண்டினால் வாசம் இறங்க ஆரம்பிக்கும். நான்கைந்து மாதப் பழசு வரிசையாக நின்றால், காய்ச்சுகிற வேகத்தில் விற்கவில்லை என்று அர்த்தம். இதை எந்த எக்செல் தாளும் இவ்வளவு நேர்மையாகச் சொல்லாது.

அதே அறையில் ஒரு மூலையில் அட்டைப்பெட்டிகள் இருக்கும், உள்ளே பளபளக்கும் ஃபாயில் பைகளில் பச்சைக் குச்சி குச்சியாக அழுத்திய ஹாப்ஸ். பையின் மேல் ஸ்டிக்கரைப் படியுங்கள். ரகம், எடை, அறுவடை ஆண்டு மூன்றும் இருக்கும். நாங்கள் மூடும்போது, 2023 டிசம்பரில், அங்கே 2019 அறுவடைப் பெட்டிகள் உடைக்காமலே கிடந்தன. நான் முதலில் பார்க்கப் போனபோதும் அதே மூலையில் அதே பெட்டிகள்தான் இருந்திருக்கும், "ஆஹா, எவ்வளவு சரக்கு" என்று நினைத்தது நினைவிருக்கிறது. மளிகைக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை நான், தேங்கிய சரக்கு தெரியாமல் போனது வெட்கம்தான்.

இது ஏன் என்றால், ஹாப்ஸ் ஒப்பந்தம். அமெரிக்க ஹாப்ஸில் முக்கால் பங்கு வாஷிங்டன் மாநில யாகிமா பள்ளத்தாக்கில் விளைகிறது, எங்களுக்கு மூன்று மணி நேரக் கார்ப் பயணம். சிட்ரா, மொசைக் மாதிரி எல்லோரும் கேட்கும் ரகங்கள் காப்புரிமை உள்ளவை, நினைத்தவர் நினைத்த இடத்தில் நட முடியாது. கிராஃப்ட் பீர் கொடிகட்டிப் பறந்த காலத்தில், கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் சின்னச் சின்ன ப்ரூவரிகள்கூட மூன்று வருடம், ஐந்து வருடம் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டன. வளர்ந்துகொண்டே போவோம் என்று நினைத்து வருடா வருடம் கூடுதல் எடைக்கு. வளர்ச்சி நின்றது, ஒப்பந்தம் நிற்கவில்லை. தேவை குறைந்து, 2023, 2024 இரண்டு வருடமும் விவசாயிகளே பயிரிடும் பரப்பைக் குறைத்தார்கள். கடையில் ஹாப்ஸ் மலிவாகக் கிடைக்கும்போதும், பழைய ஒப்பந்தக்காரர் பழைய விலையில் எடுத்தாக வேண்டும். ஆகவே ஒப்பந்தத் தாளைக் கேளுங்கள். "மீதி எத்தனை பவுண்டு, எந்த வருடம் வரைக்கும், எடுக்காவிட்டால் என்ன?" இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும். இது பேலன்ஸ் ஷீட்டில் கடன் என்ற தலைப்பின் கீழ் தெரியாமலே இருக்கலாம், ஆனால் கடன்தான்.

கேன். "அடுத்தது கேன்ல போட்டு சூப்பர்மார்க்கெட் போறோம், அதுக்குத்தான் பணம்" என்றால் நான் காதைத் தீட்டிக்கொள்வேன். கேன் தயாரிக்கும் பெரிய நிறுவனமான பால் (Ball), 2022 தொடக்கத்திலிருந்து அச்சிட்ட கேனுக்குக் குறைந்தபட்ச ஆர்டரை ஒரு வகைக்கு ஒரு லாரியிலிருந்து ஐந்து லாரியாக ஏற்றியது. ஒரு வகைக்குப் பத்து லட்சம் கேன். வருடம் 900 பாரல் காய்ச்சுகிறவனுக்கு அது எத்தனை தலைமுறைக்கு வரும்? அதனால் சின்ன ப்ரூவரிகள் வெற்றுக் கேனை இடைத்தரகரிடம் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுகின்றன, ஒவ்வொரு கேனுக்கும் சில சென்ட் கூடுதல். அதற்கு மேல் இறக்குமதி அலுமினியத்துக்கான வரி 2018-இல் 10 சதவீதம், 2025 மார்ச்சில் 25, ஜூனில் 50. கேனில் போட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்கு, அவர் கடைக்கு, கடை அலமாரியில் பெரிய கம்பெனி பீருக்குப் பக்கத்தில். மேலே சொன்ன கெக் கணக்கைவிட இது இன்னும் மெலிந்த கணக்கு. டேப்ரூமிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போக விற்கும் கேன் வேறு விஷயம், அதில் காசு இருக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டர் ஒப்பந்தத்தையும் பார்த்துவிடுங்கள். 1933-இல் மதுவிலக்கு நீங்கிய பிறகு வந்த ஏற்பாடு, காய்ச்சுபவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று மூன்றும் தனித்தனி. பல மாநிலங்களில் மொத்த வியாபாரியைக் காக்கும் சட்டம் இருக்கிறது, ஒருமுறை கையெழுத்துப் போட்டால் "பிடிக்கவில்லை, மாறுகிறேன்" என்று வெளியே வருவது விவாகரத்தைவிடக் கடினம். ஒரேகானில் சின்ன ப்ரூவரி ஒரு அளவு வரை தானே வேன் வைத்துக் கடைகளுக்குக் கொடுக்கலாம். உங்கள் நண்பர் அதைச் செய்கிறாரா, வேன் ஓட்டுகிறவர் சம்பளத்தைக் கணக்கில் சேர்த்திருக்கிறாரா, இல்லை அவரே ஓட்டிக்கொண்டு "செலவே இல்லை" என்கிறாரா?

இப்போது கடன், எங்களை உண்மையில் படுக்கவைத்தது இதுதான். மத்திய அரசின் சிறுதொழில் அமைப்பான எஸ்பிஏ உத்தரவாதம் கொடுக்கும் 7(ஏ) கடன்களில் பெரும்பாலானவை மாறும் வட்டி, பிரைம் எனப்படும் வங்கிகளின் அடிப்படை வட்டியோடு சில சதவீதம் சேர்த்து. 2022 மார்ச் தொடக்கத்தில் பிரைம் 3.25. 2023 ஜூலைக் கடைசியில் 8.5. ஐந்து லட்சம் டாலர், பத்து வருடம், பிரைமுக்கு மேல் 2.75 என்று வைத்துப் பாருங்கள்: 6 சதவீதத்தில் மாதத் தவணை ஏறக்குறைய 5,550, 11.25-இல் 6,960. வித்தியாசம் 1,400 டாலர். டேப்ரூமில் மாதம் இரண்டு கெக் கூட விற்றால் சரிக்கட்டிவிடலாம், டிஸ்ட்ரிபியூட்டர் வழி என்றால் 22 கெக் கூடுதல். ஒரே வட்டி உயர்வு ஒரு ப்ரூவரிக்குத் தலைவலி, இன்னொன்றுக்கு உயிர்வலி ஆவது இப்படித்தான். அதற்கப்புறம் வட்டி கொஞ்சம் இறங்கியது, ஆனால் அந்த ஒன்றரை இரண்டு வருடம் தாங்குவதற்கு எல்லோரிடமும் கையிருப்பு இல்லை. இதோடு, கோவிட் காலத்தில் அரசு கொடுத்த அவசரக் கடனான இஐடிஎல்-லும் இருக்கிறதா என்று கேளுங்கள். 3.75 சதவீதம், முப்பது வருடம் என்பதால் சாதுவாகத் தெரியும். முதல் இரண்டரை வருடம் தவணையே கட்டவேண்டாம் என்று விட்டிருந்தார்கள், அது முடிந்து கட்ட ஆரம்பித்தது சரியாகப் பிரைம் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, தடித்த எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள். எஸ்பிஏ கடன் வாங்கும் நிறுவனத்தில் 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர்கள் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். "உனக்கு 20 பெர்சன்ட் தர்றேன்டா" என்று பாசத்தோடு சொன்னால், அந்தப் பாசத்தோடு உங்கள் வீடும் போகலாம். 19 போதும் என்று சொல்லிவிடுங்கள், அதுவும் வக்கீலிடம் காட்டிவிட்டு.

கடைசியில் வருகிறேன் என்ற வரி இதுதான்: ஊழியர் சம்பளத்தில் பிடித்தம் செய்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி. பணமுடை வந்தால் முதலில் கை வைப்பது இதில்தான், ஏனென்றால் ஹாப்ஸ்காரர் போன் போட்டுத் திட்டுவார், வரித்துறையான ஐஆர்எஸ் மெதுவாகத்தான் கடிதம் எழுதும். இந்தப் பாக்கிக்கு, கம்பெனி மூடினாலும், பணம் கட்டும் முடிவை எடுத்தவர்கள் சொந்தமாகவே பதில் சொல்ல வேண்டிவரும். கடைசி நான்கு காலாண்டுக்கும் கட்டிய ரசீதைக் கேளுங்கள். தயங்கினால், எழுந்து வந்துவிடுங்கள். போர்ட்லாண்ட் வட்டாரத்தில் 2025 ஜூலையில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.30 டாலர் ஆனது, டிப்ஸைக் காட்டி இதில் குறைக்க முடியாது. ஆகவே சம்பளப் பட்டியல் சின்னதாக இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் சந்தேகப்படுங்கள், முதலாளியும் மனைவியும் சம்பளமில்லாமல் ஊற்றிக்கொண்டிருக்கலாம். அவர்கள் இருவருக்கும் ஊர்ச் சம்பளம் போட்டு அந்த 34,000-ஐ மறுபடி கூட்டுங்கள்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒன்று. ஹெச்-1பி விசாவில் இருந்தால் பணம் போட்டுப் பங்கு வைத்திருப்பது வேறு, அங்கே வேலை செய்வது வேறு. பார்ட்னர்தானே என்று சனிக்கிழமை கவுன்டருக்குப் பின்னால் நின்று இரண்டு டம்ளர் ஊற்றினால்கூட, சம்பளம் வாங்காவிட்டாலும் சிக்கல்தான். நான் டேங்க் கழுவிக்கூடக் கொடுக்கவில்லை. ப்ரூவரி வேலையில் பெரும்பகுதி கழுவுவதுதான், ஒரு பாரல் பீருக்கு ஐந்தாறு பாரல் தண்ணீர் போகும், இந்த ஊர்க் கழிவுநீர்க் கட்டணத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். அந்த பில்லையும் பன்னிரண்டு மாதத்துக்கு வாங்கிப் பாருங்கள்.

எல்லாம் பார்த்துவிட்டு நன்றாகவே இருக்கிறது என்றால் போடுங்கள், அப்படிப்பட்ட கடைகளும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒன்றில் கொப்பரை ஐந்து பாரல், வெளியே விற்பதே இல்லை, பெரும்பாலும் லாகர், அதாவது குளிரில் நிதானமாகப் புளிக்கவைக்கும் பீர். கலங்கலாக இருக்கும் ஹேஸி ஐபிஏ-வுக்குப் பாரலுக்கு மூன்று நான்கு பவுண்டு ஹாப்ஸ் என்றால் லாகருக்கு அரைப் பவுண்டு போதும். ஆனால் டேங்கில் இரண்டு மடங்கு நாள் கிடக்கும், காலி டேங்க் இருக்கிறவனுக்கு அது பிரச்சினையே இல்லை. வாசலில் யாரோ ஒருவருடைய டாக்கோ வண்டி, சமையலறைச் செலவு கிடையாது. செவ்வாய்க்கிழமை போய் எண்ணினேன், 61.

கணக்கு சரியில்லை, ஆனால் நட்பு வேண்டும் என்றால், அவர்கள் மக் கிளப் என்று ஒன்று வைத்திருப்பார்கள். வருடச் சந்தா கட்டினால் உங்கள் பெயரில் ஒரு பெரிய கோப்பை சுவரில் தொங்கும், அதில் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவார்கள். எனக்கு இரண்டு இடத்தில் தொங்குகிறது. பணம் அவர்களுக்கு முன்கூட்டியே கிடைக்கும், உங்களிடம் ஜாமீன் கேட்க மாட்டார்கள். கையோடு செவ்வாய்க்கிழமைகளில் போங்கள்.